கானின் தங்கப் பனையும் போட்டிக்கு வராத கதைகளும்

பிரான்ஸின் தென்கரையில் உள்ள கான் நகரில் ஆண்டுதோறும் மே மாதத்தில் நடைபெறும் சர்வதேசத் திரைப்பட விழா என்றவுடன் செங்கம்பளமும் நட்சத்திரங்களின் ஆடை அணிகலன்களுமே நமது பத்திரிகைகளில் இடம்பிடித்துக் கொள்கின்றன. ஆனால் அவ்விழா பிறந்ததே ஓர் அரசியல் தகராறில் என்பதைப் பலரும் மறந்துவிட்டனர்.

1938 ஆம் ஆண்டு வெனிஸ் விழாவில் முசோலினியின் பெயரால் வழங்கப்பட்ட உயர் விருது, ஹிட்லரின் அபிமானத்துக்குரிய லெனி ரீபன்ஸ்தாலின் 'ஒலிம்பியா'வுக்கும் ஓர் இத்தாலியப் படத்துக்கும் அளிக்கப்பட்டது. நடுவர் குழுவின் தீர்ப்பைச் சர்வாதிகாரிகள் எழுதுவதா எனச் சினமுற்ற பிரான்ஸ், தனக்கென ஒரு விழாவை ஆரம்பிக்கத் தீர்மானித்தது. 1939 செப்டெம்பர் முதலாம் திகதி தொடக்கவிழா. அன்றுதான் ஜேர்மனியப் படைகள் போலந்துக்குள் புகுந்தன. யுத்தம் ஓய்ந்த பின்னரே, 1946 இல், முதலாவது விழா நடந்தேறியது.

சர்வாதிகாரத்துக்கு எதிராகப் பிறந்த விழாவும் நெடுங்காலம் அரசுகளின் கைக்குள்ளேயே இருந்தது என்பது ஒரு விந்தை. 1972 ஆம் ஆண்டு வரை போட்டிக்குரிய படங்களைப் பெரும்பாலும் அந்தந்த நாடுகளே தெரிவு செய்து அனுப்பின. நாஜி வதைமுகாம்களைப் பற்றிய அலன் ரெனேயின் 'இரவும் மூடுபனியும்' என்ற ஆவணப்படம், மேற்கு ஜேர்மனியின் ஆட்சேபத்தால் 1956 இல் உத்தியோகபூர்வத் தெரிவிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே இலங்கையின் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தமது 'ரேகாவ'வுடன் போட்டிக் களத்தில் நின்றார். சுதந்திரம் பெற்று ஒரு தசாப்தம்கூட நிறைவுறாத ஒரு தேசத்துக்கு அது சிறிய கௌரவமன்று.

1972 இல் தெரிவு செய்யும் அதிகாரத்தை விழாவே தன்வசம் எடுத்துக்கொண்டது. அதன் பெறுமதி தாயகத்தில் வாயடைக்கப்பட்டவர்களுக்கே நன்கு விளங்கும். குர்திஷ் கலைஞரான யில்மாஸ் குனே துருக்கியச் சிறையில் இருந்தவாறே எழுதி, வெளியிலிருந்த செரிப் கோரனைக் கொண்டு எடுப்பித்த 'யோல்' 1982 இல் தங்கப் பனை விருதைப் பகிர்ந்துகொண்டது. துருக்கியில் அப்படத்தின் மீதான தடை நீங்க 1999 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஈரானின் ஜபர் பனாஹி 2010 இல் நடுவர் குழுவுக்கு அழைக்கப்பட்டிருந்த வேளையில் சிறையில் இருந்தார். அவருக்கென ஓர் ஆசனம் வெறுமையாக விடப்பட்டது. பின்னர் படமெடுக்கவே தடை விதிக்கப்பட்ட அவர், 2025 இல் அதே நகரில் தங்கப் பனையைக் கையில் ஏந்தினார். அரசொன்று அனுப்பிவைக்கும் படங்களுள் இவை ஒருபோதும் இடம்பெற்றிருக்க மாட்டா.

எமது நாட்டின் கதையும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. விமுக்தி ஜயசுந்தரவின் 'சுலங்க எனு பினிஸ' 2005 இல் முதற்பட இயக்குநர்களுக்கான தங்கக் கமரா விருதைப் பகிர்ந்துகொண்டபோது மகிழ்ந்தோர் பலர். ஆயினும் யுத்தத்தின் வெறுமையைக் காட்டிய அப்படம் இங்கே படைத்தரப்பினரின் கடும் கண்டனத்துக்கு உள்ளாகியது. பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' பிரான்ஸின் அமியன் நகர விழாவில் உயர் விருது பெற்ற படம். அதனை இங்கே திரையிட உயர் நீதிமன்றம்வரை செல்ல வேண்டியிருந்தது. வெளிநாட்டு விருது ஒரு கலைஞனுக்குக் கவசமாகும் எனச் சொல்வோர் இவ்விரு படங்களின் கதியையும் எண்ணிப்பார்க்க வேண்டும். சில வேளைகளில் விருதே குற்றப்பத்திரிகையாகவும் மாறிவிடுகின்றது.

தமிழரைப் பொறுத்தவரை கான் என்றால் 2015 ஆம் ஆண்டுதான். பிரெஞ்சு இயக்குநர் ஜக் ஓடியாரின் 'தீபன்' அவ்வாண்டு தங்கப் பனையை வென்றது. பெரும்பகுதி தமிழிலேயே பேசப்பட்ட ஒரு படம். பிரதான பாத்திரத்தில் நடித்தவர் ஷோபாசக்தி என்ற பெயரில் நாமறிந்த எழுத்தாளர் அந்தோனிதாசன் யேசுதாசன். தாமே போராளியாகவும் அகதியாகவும் வாழ்ந்தவர். பொய்க் குடும்பமொன்றாகப் பாரிஸின் புறநகருக்கு வந்து சேரும் மூவரின் தயக்கங்களை அப்படம் காட்டும் முற்பகுதி உண்மையில் அருமையானது. இறுதியிலோ முன்னாள் போராளி மீண்டும் ஆயுதம் ஏந்துகிறான். ஐரோப்பியப் பார்வையாளன் அவனிடம் எதிர்பார்த்தது அதைத்தானோ என்ற ஐயம் நமக்கு எழாமல் இல்லை.

2012 இல் அசோக ஹந்தகம தமிழில் எடுத்த 'இனி அவன்' கானின் போட்டியற்ற பக்கப் பிரிவொன்றில் திரையிடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் முன்னாள் போராளியின் கதை அது. எழுபதுகளில் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி'யை எடுத்ததும் நினைவுக்கு வருகின்றது. இவர்களுடைய நேர்மையில் குறைகாண எவருக்கும் உரிமையில்லை. எனினும் எமது வாழ்வு உலகத் திரைக்குச் சென்ற வேளைகளில் கமராவுக்குப் பின்னால் நின்றவர் பெரும்பாலும் சிங்களவராகவோ பிரெஞ்சுக்காரராகவோ இருந்திருக்கிறார். இலங்கையில் தயாரான தமிழ்ப்படம் எதுவும் இன்றுவரை கானின் பிரதான போட்டிப் பிரிவை எட்டியதில்லை. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தின் முகாம்களில் ஒரு தலைமுறையை வளர்த்தெடுத்த முஸ்லிம்களின் கதைக்குத் 'தீபனு'க்குக் கிடைத்த அளவு வெளிச்சமும் கிடைக்கவில்லை.

திறமைப் பஞ்சத்தால் நேர்ந்ததன்று இது. போட்டிப் பிரிவுக்கு ஏறத்தாழ இருபது படங்களே தெரிவாகின்றன. அவற்றின் பின்னால் இணைத் தயாரிப்பாளர்கள், விற்பனை முகவர்கள், ஐரோப்பிய நிதியங்கள் என ஒரு நீண்ட சங்கிலி இருக்கின்றது. தென்னிந்தியப் படங்களை நம்பியே வாழும் எமது திரையரங்குகளோ உள்ளூர்த் தமிழ்ப்படத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கவே தயங்குகின்றன. போட்ட பணம் திரும்பாத இடத்தில் இரண்டாவது படத்தை எவர் எடுப்பார்?

ஒப்பீட்டளவில் அகலமான வாசல் குறும்படப் போட்டிதான். பதினைந்து நிமிடங்களுக்கு மேற்படாத படங்களுக்கும் கானில் தனியாகத் தங்கப் பனை உண்டு. 'தீபன்' வென்ற அதே 2015 இல் யாழ்ப்பாணத்திலும் ஒரு சர்வதேச சினிமா விழா ஆரம்பமாகியது. செங்கம்பளம் அங்கே எதிர்பார்க்கத்தக்கதன்று. ஆயினும் மன்னாரிலோ காத்தான்குடியிலோ கைத்தொலைபேசியில் படம்பிடிக்கும் ஓர் இளைஞனுக்கோ யுவதிக்கோ பஸ் ஏறிச் சென்று சேரக்கூடிய தூரத்தில் இருப்பது அதுவே. கானுக்குப் போய்வந்தவர்களை வாழ்த்தி அறிக்கை விடும் எமது அரசியல்வாதிகளும் வர்த்தகப் பிரமுகர்களும் அங்கே எத்தனை காட்சிகளுக்குச் சென்று அமர்ந்தார்கள் என்பதை அவர்கள்தான் கூற வேண்டும்.