ரேடியோஹெட்டும் ‘க்ரீப்’ பாடலும்: ரசிகனின் உரிமை எதுவரை?

ரேடியோஹெட் இசைக்குழுவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு குற்றச்சாட்டும் உடன் எழுகிறது. தங்களுக்குப் பெயரும் பணமும் ஈட்டித் தந்த ‘க்ரீப்’ பாடலை அவர்கள் நீண்டகாலம் மேடையில் தவிர்த்துவந்தது நன்றிகெட்ட செயல், ரசிகனை அவமதிக்கும் மேட்டிமைத்தனம் என்பதே அது. தேர்ந்த இலக்கிய வாசகர்களும் இதைச் சொல்லக் கேட்கிறோம். இக்கூற்றை நாம் முற்றாக மறுக்கிறோம்.

‘மக்கள் விரும்பிய பாடல்’ என்பதே இவர்களது முதல் வாதம். எந்த மக்கள், எப்போது விரும்பினார்கள்? 1992 செப்டம்பரில் அது தனிப்பாடலாக வெளிவந்தபோது பிரிட்டனில் சீந்துவாரில்லை. விற்பனைப் பட்டியலில் 78ஆம் இடத்தோடு நின்றுபோனது. சோர்வூட்டும் பாடல் என்று பிபிசி ரேடியோ 1 அதை ஒதுக்கியது. பின்னர் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் வானொலிகள் அதைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பின. 1993இல் பிரிட்டனில் மறுபடி வெளியிட்டபோது 7ஆம் இடத்தை எட்டியது. பாடல் அதேதான், மாறியது அதைச் சுற்றியிருந்த சந்தை. ஓராண்டு இடைவெளியில் தலைகீழாகும் தீர்ப்பைக் கொண்டு ஒரு கலைஞனை ஆயுள் முழுதும் கட்டிப்போட இயலுமா?

‘க்ரீப்’ எளிய பாடல் என்று நாம் தாழ்த்தவில்லை. அதன் பேரழகே, அதற்குள் இருக்கும் எதிர்ப்புதான். பாடலின் மென்மை பிடிக்காத கிதார் கலைஞர் ஜானி கிரீன்வுட், பல்லவி தொடங்குமுன் தந்திகளை முரட்டுத்தனமாக அறைந்தார். கெடுப்பதற்காக எழுப்பிய அந்த ஓசையே பாடலின் உயிராயிற்று. தன் பாடலோடு பிணங்குவது இக்குழுவின் இயல்பு. புகழ் வந்தபின் ஏறிய தலைக்கனம் அன்று.

அப்பாடல் இடம்பெற்ற முதல் ஆல்பமான ‘பாப்லோ ஹனி’ (1993) சராசரியானது என்பதே நம் கருத்து. இக்குழுவின் உண்மையான கதை அதற்குப் பின்னரே தொடங்குகிறது. 1994இல் வந்த ‘மை அயர்ன் லங்’ என்னும் பாடலின் தலைப்பைக் கவனியுங்கள். உயிரைக் காக்கும், ஆனால் எழுந்து நடக்கவிடாத சுவாச இயந்திரம்! வெற்றிப் பாடலைப் பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனம் உண்டா? அடுத்து ‘தி பெண்ட்ஸ்’ (1995), ‘ஓகே கம்ப்யூட்டர்’ (1997). பின்னதில் வானொலிக்கேற்ற பாடல் இல்லையென்று அமெரிக்க வெளியீட்டு நிறுவனம் விற்பனை மதிப்பீட்டைக் குறைத்துக்கொண்டது. ஆல்பமோ பிரிட்டனில் முதலிடம் பெற்றது. ‘கிட் ஏ’ (2000) தனிப்பாடல் வெளியீடு எதுவுமின்றியே வந்தது; அமெரிக்காவில் அவர்கள் முதலிடம் பெற்ற முதல் ஆல்பம் அதுதான். 2007இல் ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தைத் தங்கள் இணையதளத்தில் வைத்து, விரும்பிய விலையைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம் என்றார்கள். ரசிகனை அவமதிப்பவன் செய்யும் காரியமா இது?

‘க்ரீப் ஈட்டிய புகழில் நின்றுகொண்டுதானே இந்தத் துணிச்சல்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆம், அப்புகழே அவர்களது முதலீடு. ஆனால் அத்தகைய முதலீடு கிடைத்தவருள் பலர், அதே பாடலைப் பெயர் மாற்றி மீண்டும் மீண்டும் விற்றார்கள். இவர்கள் அதை அடுத்த ஆல்பத்தில் பணயம் வைத்தார்கள். வேறுபாடு இங்கேதான்.

இயற்பெயர் அறியப்படாமல், தம் உவமைத் தொடராலேயே பெயர்பெற்ற செம்புலப்பெயனீரார் நமக்கு உண்டு. அவரது பிற பாடல்கள் நம் கைக்கு வரவில்லை. அது காலம் செய்த வேலை. வாழும் கலைஞனுக்கு அக்கதியை நாமே விதிப்பது ரசனையாகாது.

மறுபக்கம், ‘க்ரீப்’பை விரும்புவதே கீழான ரசனை எனக் கருதும் தீவிர ரசிகர்களையும் நாம் ஏற்கவில்லை. 2009இல் ரெடிங் விழாவை அக்குழு அப்பாடலோடுதான் தொடங்கியது. 2016 சுற்றுப்பயணத்திலும் பாடினார்கள். அவர்கள் வெறுத்தது பாடலை அல்ல, அதைக் கடனாக வசூலிக்கும் கூட்டத்தை என்றே நாம் கருதுகிறோம். கலைஞன் தரும்போது பெற்றுக்கொள்வோம். தராத நாளில், அவன் அன்று எதைப் பாடுகிறான் என்று செவிகொடுப்போம். ரசிகனின் உரிமை அதுவரைதான்.