மடி ஒன்றும் தண்ணீர்த் தொட்டியல்ல

தோட்டத்தில் மாடு வளர்ப்போருக்கு நண்பர் ஒருவர் யோசனை எழுதியிருக்கிறார்: ஒருவேளை கறந்தால் போதுமாம், பாலை மடியில் நிற்கவிட்டால் மறுநாள் இரட்டிப்பாக இறங்குமாம். மாட்டடியில் ஒருநாளும் குந்தாதவர் எழுத்து என்பது முதல் வரியிலேயே தெரிகிறது.

மடி நிரம்ப நிரம்ப, அதுவே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஸ்கொட்லாந்தின் ஹன்னா ஆய்வு நிலையத்தில் 1980களில் ஆடுகளின் ஒருபக்க மடியை மட்டும் மூன்று வேளை கறந்தார்கள். அந்தப் பக்கத்தில் மட்டுமே பால் கூடியது. இரண்டு பக்கத்துக்கும் ஓடுவது ஒரே இரத்தம்தானே? கட்டளை மடிக்குள்ளேயே பிறக்கிறது.

அடிக்கடி வெட்டினால் பட்டை வறண்டுபோகும் என்ற ரப்பர் பாடத்தை நண்பர் மாட்டிலும் ஒட்டிவிட்டார் போலும். கேகாலையில் பால்வெட்டுகிறவர் எவரும் இந்தக் குழப்பத்தில் விழமாட்டார்.

சுரந்த பாலும் தொட்டித் தண்ணீர்போல் தானாக இறங்காது. தெஹியோவிட்டப் பக்கம் லயத்து அக்கா ஒருவர் கறப்பதைப் பார்த்திருக்கிறேன். கன்றை நாலு இழுப்பு ஊட்டவிட்டு, காம்பைத் துடைத்து, மாட்டோடு ஏதோ பேசுவார். ஒரு நிமிடத்தில் மடி இறுகும். ஒக்சிடோசினின் வேலை அது. சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இடையில் நாய் குரைத்து மாடு மிரண்டால், அட்ரினலின் எழுந்து பால் மேலேயே நின்றுவிடும்.

அவரும் ஒருவேளைதான் கறக்கிறார். பால் வண்டி காலையில் மட்டும் வருகிறது. கொழுந்து நிறுத்து லயத்துக்குத் திரும்ப அந்தியாகிவிடுகிறது. மாலைக்கும் ஒரு வண்டி கேட்டு மனு எழுதுங்கள் நண்பரே, நானும் கையெழுத்துப் போடுகிறேன்.