ழகரம் தமிழுக்கு மட்டுமே உரியதா? – ஒரு மறுப்பு

ழகரம் தமிழுக்கு மட்டுமே உரிய எழுத்து என்னும் கூற்று ஆய்வேடுகளிலும் தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. இஃது ஏற்புடையதன்று. மலையாளத்தில் ழகரம் இன்றும் வழங்குவதொன்றே இதனை மறுக்கப் போதுமானது. எனினும் நம்மவர் பெரிதும் காணத் தவறியது கன்னடச் சான்றினையே.

பழங்கன்னடத்தில் ழகரத்திற்குத் தனி வரிவடிவம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் கேசிராசர் தம் சப்தமணிதர்ப்பணத்தில் அவ்வெழுத்துப் பயிலும் சொற்களைத் தொகுத்துத் தருகிறார். அது ளகரத்தோடு மயங்கியமையாலேயே இத்தொகுப்புத் தேவைப்பட்டது எனலாம். அத்திபெலேயில் இன்று மளெ, கோளி, ஏளு, ஹுளு எனச் செவியில் விழுவன யாவும் மழை, கோழி, ஏழு, புழு என்பவற்றின் உறவுகளே. கழுதையோ அங்குக் கத்தெ ஆகி, ழகரத்தின் தடமே இன்றி நிற்கிறது.

நன்னூலார் ழகரத்தைத் தமிழ்ச் சிறப்பெழுத்து என்றது வடமொழியாக்கம் கூறுமிடத்து, வடவெழுத்தோடு ஒப்புநோக்கியே. அதனை உலக மொழிகள் அனைத்திற்கும் விரித்தவர் பின்வந்தோர்.

வழக்கொழிந்த எழுத்துக்குப் பெயரும் பிழைபட்டது. ஒருங்குறி அட்டவணையில் கன்னட ழகரத்திற்கு 'ஃபா' எனப் பெயரிட்டுவிட்டனர்! இட்ட பெயரை மாற்றலாகாது என்பது அங்கு விதி. எனவே திருத்தம் மாற்றுப்பெயராகவே நிற்கிறது. சப்பானின் 1978ஆம் ஆண்டுக் குறியீட்டுத் தரத்தில் புகுந்த, மூலம் அறியப்படாத சீன எழுத்துகள் சிலவற்றைப் 'பேயெழுத்து' என்பர். அவற்றுக்கு வழக்குச் சான்றில்லை. கன்னட ழகரத்திற்கோ இலக்கணமே உண்டு. அதனைப் புரட்டியும் பாராது 'மட்டுமே' என எழுதும் ஆய்வேட்டில் நெறியாளர் எவ்வாறு கையொப்பமிடுகிறார்?