ஓலைக்கு முன் ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மணமக்கள் திருமணத்துக்கு முன்பே பணத்தைப் பற்றியும் மனம்விட்டுப் பேச வேண்டும் என்ற சென்ற இதழ்க் கட்டுரையை முழுமனதோடு வரவேற்கிறேன். அப்படிப் பேசுவதற்கான வாய்ப்பைத் திருச்சபைதான் ஏற்படுத்தித் தர வேண்டும்.

எங்கள் பகுதி ஆலயங்களில் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பான ஓலையை வாசித்து, தடை இருந்தால் தெரிவிக்கும்படி கேட்கிறோம். பணம் என்று வந்தால், நகையைப் பெரியவர்கள் பவுன் கணக்கில் பேசி முடிக்கிறார்கள். பையன் வாங்கிய கடனோ, பெண் கட்டிவரும் கல்விக் கடனோ பேச்சில் வருவதே இல்லை. என் உறவில் ஒரு தம்பதிக்கு முதல் சண்டையே தசமபாகத்தில் வந்தது: யார் சம்பளத்திலிருந்து கொடுப்பது, எந்தச் சபைக்குக் கொடுப்பது என்று. பெண்ணின் சம்பளம் யார் கையில் என்பது அடுத்த சண்டை. 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டப்படி கிறிஸ்தவ மனைவியின் சம்பாத்தியம் அவளுடைய தனிச்சொத்து என்பது இரு வீட்டாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கோபுரம் கட்டுமுன் செலவைக் கணக்குப் பார்க்கச் சொல்லும் லூக்கா 14ஆம் அதிகாரம் நமக்குப் புதிதல்ல. ஆகவே, திருமண ஆயத்த வகுப்பில் ஒரு வேளையைப் பணத்துக்கென ஒதுக்கலாம். சம்பளம், கடன், பெற்றோருக்குக் கொடுக்கும் தொகை, காணிக்கை ஆகியவற்றை இருவரும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கட்டும். பெற்றோர் உடன் இருக்க வேண்டாம். வரதட்சணையை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருப்பதையும் போதகர் அங்கேயே சொல்லிவிடலாம். ஓலை வாசிப்பது அதன் பிறகு நடக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை.