கிணற்றடியில் யார் நின்றார்கள்?

யாழ்ப்பாணத்துக் கிராம வாழ்வைப் பற்றி எழுதுவோர் கிணற்றடியை மறப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில், சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீரே மக்களின் உயிர்நீர். வீட்டுக் கிணறு உவர்த்த ஊர்களில் பெண்கள் காலையும் மாலையும் குடத்துடன் நல்ல தண்ணீர்க் கிணற்றை நாடினர். கலியாணப் பேச்சு, வேலிச் சண்டை, கொழும்பிலிருந்து வந்த கடிதம் யாவும் அங்கேதான் முதலில் வெளியாயின. பத்திரிகை பிறகுதான் வந்தது.

ஆனால், இந்த நினைவில் பாதி விடுபட்டுப் போகிறது. அதே கிணற்றடியில், சற்றுத் தள்ளி, வெறுங்குடத்துடன் காத்து நின்றவர்களும் இருந்தனர். தாழ்த்தப்பட்ட அம்மக்கள் கயிற்றைத் தொடலாகாது. யாரேனும் மனமிரங்கி அள்ளி ஊற்றினால்தான் அன்று உலை ஏறும். சாதியின் பெயரால் இத்தகைய தடைகளை விதிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இல் நிறைவேறியது. வழக்கம் அத்துடன் ஒழிந்துவிடவில்லை. கே.டானியல் இக்கொடுமையைத் 'தண்ணீர்' என்ற பெயரிலேயே நாவலாக்கினார்.

குழாய் வந்து ஊர் ஒற்றுமை குலைந்தது என்று பெருமூச்சு விடுவோரிடம் நான் கேட்பது இதுதான்: அந்த ஒற்றுமைக்குள் யார் யார் இருந்தார்கள்? எவருடைய தயவுமின்றித் தண்ணீர் பெறுவது, காத்து நின்றவர்களுக்குச் சிறிய விடயமன்று.

அதற்காகக் கிணற்றைக் கைவிடுவதும் தவறு. கிணற்றடியில் கூடியோர் ஊர்க்கதை மட்டும் பேசவில்லை. நீர்மட்டத்தையும் ருசியையும் நாள்தோறும் கவனித்தார்கள். பங்குக் கிணற்றைக் கூடி இறைத்துச் சேறு அள்ளினார்கள். அந்தக் கவனிப்பு இன்று அருகிவிட்டது. உரத்திலிருந்தும் மலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று நிலத்தடி நீரில் கலக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறுகிறது. மின்நிலையக் கழிவால் சுன்னாகம் பகுதிக் கிணறுகள் மாசடைந்த வழக்கில், உயர் நீதிமன்றம் 2019இல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் தாளையடியில் திறக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதற்கு மின்சாரம் வேண்டும், பணம் வேண்டும். இரண்டும் தடைப்பட்ட நாள்களை நாம் அறிவோம். அன்று நம்மைக் காப்பாற்றியது கிணறு.

பழைய கிணற்றடிக்கு நாம் திரும்ப வேண்டியதில்லை. ஊர்தோறும் உள்ள சனசமூக நிலையங்கள், மாரிக்கு முன்னும் பின்னும் பொதுக்கிணற்று நீரைச் சோதிக்க ஏற்பாடு செய்து, முடிவை வாசிகசாலைப் பலகையில் ஒட்டலாம். அதைப் படிக்க எல்லோரும் கூடட்டும். எவரும் தள்ளி நிற்க வேண்டாம்.