முத்துக்குத் தராசு, மூச்சுக்கு?



தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், எடுத்த எடுப்பிலே படகுகளை அனுப்பிவிடவில்லை ஆட்சியினர். முத்துப் பார்களிலிருந்து மாதிரிக்குச் சிப்பிகளை எடுப்பர், கழுவுவர், கிடைத்த முத்துக்கு விலை மதிப்பர், ஆதாயம் உண்டெனக் கண்ட பின்னரே நாள் குறிப்பர். அத்துணை கணக்கு! மூச்சடக்கி மூழ்கியவனின் உயிருக்கோ, சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்ன ‘கடல்கட்டி’யே காவல்! முத்துக்குத் தராசு, மனிதனுக்கு மந்திரம்!

1961உடன் அந்தக் குளிப்பு நின்றது. மந்திர மனப்பான்மை மாய்ந்ததா? ‘மருத்துவமனை கட்டிவிட்டோம், இனி நோய் ஓடும்’ என்பதும் மந்திரந்தான். 2000ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, களித்தோம். ஆனால், கட்டில்களை எண்ணுவது வேறு. கட்டிலினின்று எழுந்து நலமுடன் வீடு திரும்பியோரை எண்ணுவது வேறு!

வியன்னாவிலே, செம்மல்வைஸ் எனும் மருத்துவர் எண்ணினார். ஒரே மருத்துவமனை, இரு பிரசவக் கூடங்கள். மருத்துவச்சிகளின் கூடத்தில் சாவு குறைவு. மருத்துவ மாணவர் கூடத்தில் மிகுதி. ஏன்? பிணம் அறுத்த கை, பிள்ளைப்பேறும் பார்த்தது! 1847இல் குளோரின் நீரில் கை கழுவச் செய்தார். 100க்கு 18ஆக இருந்த சாவு, இரண்டே திங்களில் 2 அளவுக்குத் தாழ்ந்தது. மேதைகள் சீறினர், 1865இல் மனநோய் விடுதியில் மாண்டார். அவர் காட்டிய உண்மை மாளவில்லை!

தமிழகமும் எண்ணியது. பிள்ளைப்பேற்றில் இறந்த தாய் ஒவ்வொருவருக்காகவும் கேள்வி எழுப்பியது: புறப்படத் தாமதமா? வழியில் தாமதமா? வந்த பின்பு மருத்துவத்தில் தாமதமா? ஒரு லட்சம் பேறுகளுக்கு 2001–03இல் 134ஆக இருந்த தாய்ச்சாவு, 2018–20இல் 54 ஆயிற்று. பெருமைதான். ஆனால் அதே கணக்கில் கேரளம் 19! பெருமை தலையணையாகலாமா?

உங்கள் ஊர் மருத்துவமனையில் கேளுங்கள். உப்பளத்துப் பெண் வலியோடு வந்தால், எத்தனை நிமிடத்தில் மருத்துவர் பார்த்தார்? குருதி இருப்பில் இருந்ததா? அறுவைக்குப் பின் புண் சீழ்பிடித்தோர் எத்தனை பேர்? விடையை வாயிற்பலகையில் எழுதச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையாயினும், தனியார் மருத்துவமனையாயினும் கேள்வி ஒன்றே. ஆள்வோர் நம்மவராயினும், மாற்றாராயினும் கேள்வி ஒன்றே!

ஒன்று நினைவிருக்கட்டும். கணக்குக் கேட்பது கழுவேற்ற அன்று, திருத்த! தண்டனைக்கு அஞ்சினால் ஏடு பொய் பேசும். சாகக் கிடப்பவரை வேறிடம் அனுப்பித் தம் கணக்கை வெளுப்பாக்கிக் கொள்வர். செவிலியைச் சாடுவதல்ல நம் வேலை. அவள் கைக்கு நீரும் மருந்தும், துணைக்கு ஆளும் வந்தனவா என்று பார்ப்பதே நம் வேலை.

சிப்பிக்குக் கிடைத்த மதிப்பு, தாய்க்கும் கிடைக்கட்டும்!