தாடைக்கு எதுக்கு மாஸ்க்?



2021-ல் காலையில் டீக்கடைப் பக்கம் பார்த்தோம். பத்துப் பேர் நின்றார்கள், பத்துப் பேரிடமும் மாஸ்க் இருந்தது. சிலருக்குத் தாடையில், சிலருக்கு ஒரே காதில், ஒருத்தருக்குச் சட்டைப் பையில். போலீஸ் ஜீப் தெருமுனையில் திரும்பினால் போதும், எல்லாம் மூக்குக்கு ஏறின. ஜீப் போனதும் இறங்கின. நாம பயந்தது 200 ரூபாய் அபராதத்துக்கு. கொரோனாவுக்கு இல்லை.

மக்களை மட்டும் திட்ட மனசு வரவில்லை. 2021 ஏப்ரல் 6 அன்று ஓட்டுப் போடப் போனபோது வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள், சானிடைசர் கொடுத்தார்கள், கைக்கு உறையும் மாட்டிவிட்டார்கள். நல்லதுதான். அதுக்கு முந்தின ஒரு மாசம் என்ன நடந்தது? வேன் மேல் நின்னு பேசின எத்தனை தலைவர்கள் முகத்தில் மாஸ்க் இருந்தது? கீழே நெருக்கியடிச்சு நின்ன கூட்டத்தைத்தான் பெருமையாகப் படம் பிடித்தோம். எந்தக் கட்சிக்கும் விலக்கு இல்லை, நமக்கும்தான். இதே பக்கத்தில் மார்ச் மாசத்துப் படங்கள் அப்படியே இருக்கு, போய்ப் பாருங்க. அதை அழிக்கப் போவதில்லை.

அபராதம் போடுவதையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கே போட்டார்கள்? வெயிலில் தனியாக பைக்கில் போனவரை நிறுத்தி ரசீது கிழித்தார்கள். ஜன்னலே திறக்காத ஏசி துணிக்கடைக்குள்ளே, ஆபீஸ் அறைக்குள்ளே, கல்யாண மண்டபப் பந்தியில் யார் கேட்டார்கள்? காற்றோட்டம் இல்லாத இடத்தில்தான் இந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். ரோட்டில் ரசீது கிழிப்பதையே பார்த்துப் பார்த்து, மாஸ்க் என்பது ஹெல்மெட் மாதிரி போலீஸ்காரருக்குக் காட்டுகிற பொருள் என்று ஜனங்க முடிவு பண்ணிட்டாங்க. லத்தி எதில் போய் முடியும் என்று 2020-ல் சாத்தான்குளத்தில் பார்த்தோமே. ஊரடங்கு நேரத்தைக் காரணம் காட்டிக் கூட்டிப்போன அப்பாவும் மகனும் உயிரோடு திரும்பவில்லை.

மாஸ்க் எதுக்கு என்பதை ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டும். இருமல், காய்ச்சல் எதுவும் இல்லாதவர் வாயிலிருந்தும் கிருமி வெளியே வரும், பேசும்போது இன்னும் அதிகமாக வரும். நாம என்ன செஞ்சோம்? போன் வந்தால் மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பேசினோம். சும்மா இருக்கும்போது மூடி, வாயைத் திறக்கும்போது கழற்றி! வீட்டில் இருக்கிற பெரியவங்களுக்கு நோய் இப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

கூலி வேலைக்குப் போகிறவரால் தினம் பத்து ரூபாய்க்கு மாஸ்க் வாங்க முடியவில்லை என்பது உண்மை. 2020-ல் ரேஷன் கடையில் ஆளுக்கு ரெண்டு துணி மாஸ்க் கொடுத்தார்கள். ரெண்டாவது அலைக்கும் உடனே கொடுக்கணும் என்று கேட்டோம்.

கடைசியாக நம் முகவர்கள் பற்றி. 2021 மே 2 அன்று ஓட்டு எண்ணிக்கை நடந்தது. மூடின அறைக்குள் காலையிலிருந்து ராத்திரி வரை உட்கார வேண்டியிருந்தது. நெகட்டிவ் சான்றிதழ் இருக்கு என்று மாஸ்க்கைக் கழற்றாதீங்க, சுற்று எண்ணிக்கை கேட்டுக் கத்தும்போதும் கழற்றாதீங்க என்று சொன்னோம். டீ குடிக்கணுமா, வெளியே வந்து குடிங்க என்றோம். ஜெயிச்சாலும் ஊர்வலம் கிடையாது, தேர்தல் ஆணையம் தடை போட்டிருந்தது. வெடி வாங்கி வெச்சிருந்தா கடையிலேயே திருப்பிக் கொடுத்திடுங்க என்றும் சொன்னோம்.